விழுந்து எழுந்த வீரர்: டொராண்டோ பியெட்ரி

ஒலிம்பிக் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களுள் பலரின் பெயர்கள் இன்று யாருக்கும் நினைவில்லை. ஆனால், பதக்கம் எதுவும் பெறாமல் போட்டியிலிருந்தே நீக்கப்பட்ட ஓர் ஓட்டக்காரரின் பெயர் நூறு ஆண்டுகளைக் கடந்தும் பேசப்படுகிறது. அவர் இத்தாலி நாட்டைச் சேர்ந்த டொராண்டோ பியெட்ரி. 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் போட்டியின் மாரத்தான் ஓட்டத்தில் முதலாவதாக எல்லைக் கோட்டைக் கடந்தவர் அவரே. ஆனாலும் வெற்றி அவருக்குக் கிடைக்கவில்லை. முதலில் வந்தவர் எப்படித் தோற்றார்? தோற்றவரை உலகம் ஏன் கொண்டாடியது? அவரது வாழ்க்கை இக்கேள்விகளுக்கு விடை தருகிறது.

டொராண்டோ பியெட்ரி 1885ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வட இத்தாலியில் கொரெஜ்ஜோ எனும் ஊருக்கு அருகிலுள்ள மாந்திரியோ என்ற சிற்றூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் வசதி படைத்தது அன்று. பின்னர் அக்குடும்பம் கார்ப்பி என்ற ஊரில் குடியேறியது. அங்கு ஓர் இனிப்புப் பண்டக் கடையில் சிறுவன் டொராண்டோ வேலைக்குச் சேர்ந்தார். குள்ளமான, மெலிந்த உருவம் கொண்ட அந்தச் சிறுவன் உலகறிந்த ஓட்டக்காரர் ஆவார் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1904ஆம் ஆண்டு, இத்தாலியின் புகழ்பெற்ற ஓட்டக்காரரான பெரிக்ளே பாலியானி ஒரு பந்தயத்தில் ஓடுவதற்காகக் கார்ப்பிக்கு வந்தார். அவரைக் காண ஊரே திரண்டது. அப்போது வேலை உடையில் நின்றிருந்த டொராண்டோ, பந்தயத்தில் பெயர் கொடுக்காமலே பாலியானியின் பின்னால் ஓடத் தொடங்கினார் என்றும், இறுதிவரை அவரை விட்டுப் பிரியாமல் ஓடி முடித்தார் என்றும் அவ்வூரில் ஒரு கதை வழங்குகிறது. அதன் பின்னர்ச் சில நாள்களிலேயே பொலோனியா நகரில் நடந்த 3,000 மீட்டர் ஓட்டத்தில் அவர் முறையாகக் கலந்துகொண்டு இரண்டாம் நிலையைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு அவருடைய முன்னேற்றம் விரைவாக இருந்தது. 1905ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த 30 கிலோமீட்டர் ஓட்டத்தில், இரண்டாவதாக வந்தவரை 6 நிமிட இடைவெளியில் முந்தி வென்றார். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த பன்னாட்டுப் போட்டியின் மாரத்தான் ஓட்டத்திலும் கலந்துகொண்டார். 24 கிலோமீட்டர் வரை அவரே முன்னிலையில் இருந்தார். ஆனால், வயிற்றுக் கோளாறு அவரை வாட்டியது. வேறு வழியின்றி ஓட்டத்தைப் பாதியில் கைவிட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது. எனினும் அவர் மனம் தளரவில்லை. அடுத்த வாய்ப்புக்காகத் தொடர்ந்து பயிற்சி செய்தார். அந்த வாய்ப்பு 1908ஆம் ஆண்டு லண்டனில் வந்தது.

லண்டன் ஒலிம்பிக் போட்டி தொடக்கத்திலிருந்தே சச்சரவுகள் நிறைந்ததாக இருந்தது. அக்காலத்தில் திடல்தடப் போட்டிகளுக்கு உலகம் முழுமைக்கும் பொதுவான விதிகள் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் வழக்கத்தைப் பின்பற்றியது. மேலும், லண்டனில் நடுவர்களாக இருந்தவர்கள் அனைவரும் பிரிட்டிஷ்காரர்கள். இதனால், தங்களுக்கு நியாயம் கிடைக்காது என்ற ஐயம் அமெரிக்கக் குழுவினருக்கு இருந்தது. பிரிட்டிஷ் ரசிகர்களோ அமெரிக்கர்கள் எதற்கெடுத்தாலும் குறை கூறுகிறார்கள் என்று எரிச்சலடைந்தனர்.

இந்தப் பகை ஜூலை 23ஆம் நாள் வெளிப்படையாக வெடித்தது. அன்று நடந்த 400 மீட்டர் இறுதிப் போட்டியில் மூன்று அமெரிக்கர்களும் விண்டம் ஹால்ஸ்வெல் என்ற பிரிட்டிஷ் வீரரும் ஓடினர். முதலில் வந்த அமெரிக்கரான ஜான் கார்ப்பென்டர், ஹால்ஸ்வெல்லை முந்தவிடாமல் வழிமறித்து ஓடினார் என்று நடுவர்கள் குற்றஞ்சாட்டினர். அமெரிக்காவில் அவ்வாறு ஓடுவது பெருங்குற்றமாகக் கருதப்படவில்லை. பிரிட்டனில் அது விதிமீறல். நடுவர்கள் அந்த ஓட்டம் செல்லாது என்று அறிவித்துக் கார்ப்பென்டரை நீக்கினர். இரண்டு நாள்களுக்குப் பிறகு மீண்டும் ஓட வேண்டும் என்று உத்தரவிட்டனர். மற்ற இரு அமெரிக்கர்களும் ஓட மறுத்துவிட்டனர். ஆகவே, ஹால்ஸ்வெல் தனி ஒருவராக ஓடித் தங்கம் பெற்றார். இத்தகைய கசப்பான சூழலில்தான், 400 மீட்டர் இறுதிப் போட்டிக்கு மறுநாள், மாரத்தான் ஓட்டம் நடைபெற்றது.

1908ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் பிற்பகல் இரண்டரை மணியளவில் வின்சர் அரண்மனையின் முன் ஓட்டம் தொடங்கியது. 55 வீரர்கள் ஓடினர். அரண்மனையிலிருந்து லண்டனின் 'ஒயிட் சிட்டி' விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த மேடையின் முன்புறம் வரை, ஓட வேண்டிய தொலைவு 42.195 கிலோமீட்டர். அதற்கு முன் மாரத்தான் ஓட்டத்திற்கு இவ்வளவு தூரம் என்ற நிலையான அளவு இருந்ததில்லை. அன்று லண்டனில் ஓடிய அந்தத் தூரமே பின்னர் 1921ஆம் ஆண்டில் உலகம் முழுமைக்கும் உரிய அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்று எந்த நாட்டில் மாரத்தான் நடந்தாலும் வீரர்கள் ஓடுவது அதே தூரம்தான்.

அன்று வெயில் கடுமையாக இருந்தது, புழுக்கமும் சேர்ந்துகொண்டது. பிரிட்டிஷ் வீரர்கள் தொடக்கத்திலேயே மிக விரைவாக ஓடினர். அதனால் விரைவிலேயே களைத்துப் பின்தங்கினர். தென்னாப்பிரிக்காவின் சார்லஸ் ஹெஃபெரன் முன்னிலைக்கு வந்தார். வெள்ளைச் சட்டையும் சிவப்புக் காற்சட்டையும் அணிந்து, 19 என்ற எண்ணைத் தாங்கி ஓடிய டொராண்டோ, தம் விரைவைக் கட்டுப்படுத்திக்கொண்டு பின்னால் வந்தார். 32 கிலோமீட்டரைக் கடந்தபோது ஹெஃபெரனுக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ 4 நிமிட இடைவெளி இருந்தது. அதன் பிறகு ஹெஃபெரனின் கால்கள் தளர்ந்தன. அதை அறிந்த டொராண்டோ தம் முழு ஆற்றலையும் திரட்டி விரைந்தார். ஏறத்தாழ 39ஆவது கிலோமீட்டரில் அவரை முந்தினார். ஆனால், அந்த வேகத்திற்கு அவர் பெரும் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

அரங்கில் ஏறத்தாழ 75,000 பேர் கூடியிருந்தனர். அலெக்சாண்ட்ரா அரசியாரும் வந்திருந்தார். முதல் வீரர் நெருங்கிவிட்டார் என்ற செய்தி கிடைத்ததும் அனைவரின் கண்களும் நுழைவாயிலை நோக்கின. சற்று நேரத்தில் டொராண்டோ உள்ளே வந்தார். வெற்றி வீரராகப் பாய்ந்து வருவார் என்று எதிர்பார்த்தவர்கள் திகைத்துப்போயினர். அவருடைய உடலில் நீர் வற்றியிருந்தது. கண்கள் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. தாம் எங்கிருக்கிறோம் என்பதே அவருக்குப் புரியவில்லை. ஓட வேண்டிய திசையை விட்டு எதிர்த்திசையில் திரும்பினார். அதிகாரிகள் ஓடிவந்து சரியான திசையைக் காட்டினர். அடுத்த சில அடிகளில் அவர் தரையில் சுருண்டு விழுந்தார்.

அரங்கமே பதறியது. உதவுங்கள் என்று ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். விதிப்படி அவரைத் தொடக் கூடாது என்று வேறு சிலர் எச்சரித்தனர். மாரத்தான் ஓடும் வீரர் தம் சொந்த வலிமையால்தான் எல்லையை அடைய வேண்டும். இது அங்கிருந்த அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால், கண் முன்னே ஒருவர் உயிருக்குப் போராடுவதைப்போல் துடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படி? மருத்துவரும் அதிகாரிகளும் அவரைத் தூக்கி நிறுத்தினர். டொராண்டோ தள்ளாடித் தள்ளாடி நடந்தார், மறுபடியும் விழுந்தார். மீண்டும் எழுந்தார், மீண்டும் விழுந்தார். இவ்வாறு ஐந்து முறை விழுந்து எழுந்தார். கடைசி 350 மீட்டரைக் கடக்க மட்டும் அவருக்கு ஏறத்தாழ 10 நிமிடங்கள் ஆயின.

அதற்குள் அமெரிக்க வீரரான ஜானி ஹேய்ஸ் அரங்கினுள் நுழைந்துவிட்டார். அவர் வருவதைக் கண்டதும் கூட்டத்தின் ஆரவாரம் மேலும் கூடியது. டொராண்டோ வென்றுவிட வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று கத்தினர். அவர் தங்கள் நாட்டவர் அல்லர் என்பதையே அவர்கள் மறந்துவிட்டனர். இறுதியில், அதிகாரிகளின் கைத்தாங்கலுடன் டொராண்டோ எல்லைக் கோட்டைக் கடந்தார். நேரம் 2 மணி 54 நிமிடம் 46 விநாடி. அடுத்த 32 விநாடிகளில் ஹேய்ஸ் யாருடைய உதவியுமின்றி ஓடி முடித்தார். டொராண்டோவைத் தூக்குப்படுக்கையில் கிடத்திக் கொண்டு சென்றனர்.

டொராண்டோவே வெற்றியாளர் என்று எண்ணி அரங்கில் முதலில் இத்தாலியின் கொடியை ஏற்றினர். அமெரிக்கக் குழுவினர் உடனே முறையீடு செய்தனர். ஏற்கெனவே அமெரிக்கர்கள்மீது கோபத்தில் இருந்த ரசிகர்களுக்கு இது நெருப்பில் நெய் வார்த்ததுபோல் இருந்தது. குற்றுயிராகக் கிடக்கும் ஒருவரின் பதக்கத்தைப் பறிக்க நினைப்பது இரக்கமற்ற செயல் என்று அவர்கள் கருதினர். ஆயினும், அமெரிக்கர்களின் வாதத்தை மறுக்க யாராலும் இயலவில்லை. 75,000 பேரின் கண் முன்னே டொராண்டோ தூக்கி நிறுத்தப்பட்டார். நடுவர்கள் ஆலோசித்து, அவரைப் போட்டியிலிருந்து நீக்கினர். தங்கம் ஹேய்ஸுக்கும் வெள்ளி ஹெஃபெரனுக்கும் கிடைத்தன. மற்றோர் அமெரிக்கரான ஜோசப் ஃபோர்ஷா வெண்கலம் பெற்றார்.

இந்தத் தீர்ப்பில் ஒரு வேடிக்கையும் ஒரு சோகமும் உண்டு. டொராண்டோ யாரிடமும் உதவி கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் அவர் இல்லை. அவருக்கு நன்மை செய்ய நீண்ட கைகளே அவருடைய பதக்கத்தையும் தட்டிப் பறித்தன. அதே நேரத்தில், அந்தக் கைகள் இல்லாவிட்டால் அவர் எல்லையை அடைந்திருப்பாரா என்பதையும் உறுதியாகக் கூற முடியாது.

தங்கம் பெற்ற ஹேய்ஸின் பக்கத்தையும் நாம் மறக்கக் கூடாது. அவருக்கும் டொராண்டோவைப் போலவே அப்போது 22 வயதுதான். அயர்லாந்திலிருந்து நியூயார்க்கில் குடியேறிய ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, நிலத்தடி ரயில் பாதைக்காகச் சுரங்கம் தோண்டும் கடினமான வேலையைச் செய்தவர். அன்றைய ஓட்டத்தில் அவர் தொடக்கத்தில் நிதானமாக ஓடினார். மற்றவர்கள் களைத்த பிறகு ஒவ்வொருவராக முந்தி வந்தார். வெயிலும் தூரமும் அவருக்கும் ஒன்றுதான். விதியை மீறாமல், திட்டமிட்டு ஓடிப் பெற்ற வெற்றி அது. ஆனால், அரங்கில் இருந்த பெரும்பாலோர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அவருடைய குழுவினரே அவரை வெற்றிக் கோப்பையுடன் ஒரு மேசைமீது அமர்த்தித் தோளில் சுமந்து வலம் வந்தனர்.

ஓட்டம் நடந்த மறுநாள் பரிசளிப்பு விழா நடைபெற்றது. உடல்நலம் தேறிய டொராண்டோவும் அங்கு வந்தார். அவருக்கு ஒலிம்பிக் பதக்கம் இல்லை. ஆனால், அலெக்சாண்ட்ரா அரசியார் தங்க முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை ஒன்றைத் தம் கையால் அவருக்குப் பரிசளித்தார். அரங்கம் அதிர்ந்தது. அது நடுவர்களின் தீர்ப்பை மாற்றிய பரிசு அன்று. ஒருவரின் மன உறுதிக்கு அளித்த மரியாதை. விதி தன் கடமையைச் செய்தது. இரக்கமும் தன் கடமையைச் செய்தது.

'ஷெர்லாக் ஹோம்ஸ்' துப்பறியும் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் அன்று பத்திரிகை ஒன்றிற்காகப் போட்டியைக் காண வந்திருந்தார். அவர் டொராண்டோவின் போராட்டத்தைப் பற்றி உருக்கமாக எழுதினார். டொராண்டோ தம் ஊரில் ரொட்டிக் கடை தொடங்குவதற்காக நிதி திரட்டவும் உதவினார். அதில் 300 பவுண்டு சேர்ந்தது. டொராண்டோவை எல்லைக் கோட்டில் தாங்கிப் பிடித்தவர் கோனன் டாயில்தான் என்று பலர் பிற்காலத்தில் நம்பினர். அது உண்மையன்று, அவர் பார்வையாளர் பகுதியில்தான் இருந்தார்.

டொராண்டோவின் புகழ் கடல் கடந்து பரவியது. அமெரிக்க இசையமைப்பாளர் இர்விங் பெர்லின் அவருடைய பெயரில் ஒரு பாடலையே எழுதினார். ஒலிம்பிக் நிகழ்ச்சிப் பட்டியலில் அவருடைய பெயர் முன்பின்னாக அச்சிடப்பட்டிருந்ததால், டொராண்டோ என்பதையே பலர் அவருடைய குடும்பப் பெயராகக் கருதினர். பெயர் தவறாக அறியப்பட்டாலும் முகத்தை அறியாதவர் இல்லை எனும் அளவுக்கு அவருடைய படங்கள் நாளிதழ்களில் வெளிவந்தன.

ஒலிம்பிக் போட்டிக்குப் பிறகு டொராண்டோவும் ஹேய்ஸும் பணம் பெற்று ஓடும் தொழில்முறை ஓட்டக்காரர்கள் ஆயினர். லண்டனில் தீராத கேள்விக்கு விடை காண ரசிகர்கள் துடித்தனர். உதவியின்றி ஓடினால் இவ்விருவரில் யார் வெல்வார்? 1908ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் நியூயார்க் நகரின் 'மேடிசன் ஸ்குவேர் கார்டன்' உள்ளரங்கில் இருவரும் மாரத்தான் தூரம் ஓடினர். சிறிய தடமாதலால் அவர்கள் 260 சுற்றுகளுக்கு மேல் ஓட வேண்டியிருந்தது. இத்தாலியர்கள் டொராண்டோவுக்கும் ஐரிஷ் மக்கள் ஹேய்ஸுக்கும் குரல் கொடுத்தனர். கடைசிவரை இருவரும் இணையாக ஓடினர். முடிவில் டொராண்டோ ஹேய்ஸை முந்தி வென்றார். இம்முறை அவரை யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. 1909ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடந்த மறுபோட்டியிலும் அவரே வென்றார். அந்தப் பயணத்தில் அமெரிக்காவில் ஓடிய 22 ஓட்டங்களில் 17இல் அவர் வெற்றி கண்டார்.

1910ஆம் ஆண்டு மே மாதம் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் தம் கடைசி மாரத்தானை 2 மணி 38 நிமிடத்தில் ஓடி முடித்தார். அதுவே அவருடைய மிகச் சிறந்த நேரம். அடுத்த ஆண்டு, 26 வயதை எட்டிய வேளையில், ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். சேர்த்த பணத்தைக் கொண்டு தம் சகோதரருடன் கார்ப்பியில் தங்குவிடுதி ஒன்றைத் தொடங்கினார். ஆனால், ஓட்டத்தில் கைகொடுத்த திறமை வணிகத்தில் கைகொடுக்கவில்லை. விடுதி நட்டத்தில் மூழ்கியது. பின்னர் அவர் சான்ரெமோ என்ற கடற்கரை ஊருக்குச் சென்று வாகனப் பட்டறை நடத்திப் பிழைத்தார். அங்கே 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 56.

1908இல் நடந்த சச்சரவுகள் வீண்போகவில்லை. நடுவர்கள் அனைவரும் ஒரே நாட்டவராக இருப்பது நல்லதன்று என்பதை உலகம் உணர்ந்தது. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டியில் பல நாட்டு நடுவர்கள் பணியாற்றினர். திடல்தடப் போட்டிகளுக்குப் பொதுவான விதிகளை வகுக்க அதே ஆண்டில் ஓர் அனைத்துலகச் சங்கமும் உருவானது. எந்த நாட்டு வீரராக இருந்தாலும் விதி ஒன்றே என்ற நிலை மெல்ல மெல்ல ஏற்பட்டது.

லண்டன் ஓட்டத்தின் நூற்றாண்டு நிறைவில், 2008ஆம் ஆண்டு, கார்ப்பி மக்கள் தங்கள் ஊரில் டொராண்டோவுக்குச் சிலை எழுப்பினர். ஒலிம்பிக் பட்டியலில் அந்த ஓட்டத்தின் வெற்றியாளர் என்ற இடத்தில் ஜானி ஹேய்ஸின் பெயரே இருக்கிறது. அது அவருக்கு உரியது. டொராண்டோவின் பெயரோ விழுந்தவுடன் எழ முயலும் ஒவ்வொருவரின் நினைவிலும் இருக்கிறது. ஒருவரைப் போற்றுவதற்காக இன்னொருவரின் நியாயமான வெற்றியைக் குறைத்துக் கூற வேண்டியதில்லை. விதியை மதிக்கும் அறிவும் துன்பப்படுபவருக்காக இரங்கும் மனமும் ஒன்றுசேர இருக்கும்போதுதான் விளையாட்டு சிறப்படைகிறது.